ஆடி மாதத்தில் வேலைக்குப் போகாத நாட்கள்

எங்கள் முதல் குழந்தை ஏழாவது மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. காலையில் எழுந்து காபி போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அடுப்பை அணைத்துவிட்டு, "நேத்துலேர்ந்து அசையவே இல்ல" என்றாள். ஆட்டோ பிடித்துப் போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா பேசிக்கொண்டே இருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு, திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பெண் குழந்தை. மயானத்துக்கு நான்தான் எடுத்துப் போனேன். என் மச்சான் கூட வந்தான். நான் அப்போது தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் சேல்ஸ்மேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். நாள் பூராவும் இரண்டு கையிலும் புடவையை ஏந்தி ஏந்திப் பழகியவன். துணியில் சுற்றி என் கையில் அவளைக் கொடுத்தபோது ஒரு முகூர்த்தப் புடவையின் எடைதான் இருந்தாள். அந்த எண்ணம் ஏன் வந்தது என்று என்னையே திட்டிக்கொண்டேன். வந்தது வந்ததுதான், போகவில்லை.

என் மனைவி அபிராமபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்கு ஆறு வாரம் லீவு கொடுத்தார்கள். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறதாம். எனக்கு அப்படி எதுவும் கிடையாது. கடையில் நான் "வைஃபுக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரில இருக்காங்க" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிற நேரம். தி.நகரில் கடை வேலை தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். ஆடியில் பெற்ற தாய்க்கு முடியவில்லை என்றாலும் லீவு கேட்கத் தயங்குவார்கள். அந்த வாரமே நான் வேலைக்குத் திரும்பினேன். திரும்பினால் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன்.

பட்டுப் பிரிவில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தைமேல் வெறுங்காலோடு உட்கார்ந்துதான் வியாபாரம். எனக்குப் பக்கத்து மெத்தையில் இருப்பவன் எனக்கு நண்பன். திருவல்லிக்கேணியில் மேன்ஷனில் தங்கியிருப்பவன். என் மனைவி மாசமாக இருப்பது கடையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் போய் உட்கார்ந்ததும், "இன்னா மச்சி, ஆஸ்பத்திரி எல்லாம் முடிஞ்சிதா? எப்போ ஸ்வீட்டு?" என்றான். அவன்மேல் தப்பே இல்லை. நான் சிரித்துவைத்தேன்.

இரண்டு மூன்று நாள் ஓடிவிட்டன. கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். யோசிக்க நேரமில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அம்மா, மாமியார், நடுவில் வயிறு தெரிகிற ஒரு பெண். ஆவணியில் வளைகாப்பாம். பச்சைப் பட்டு வேண்டும் என்றார்கள். நான் பின்னால் திரும்பி அடுக்கிலிருந்து ஒரு பச்சைப் புடவையை எடுத்து, வழக்கம்போல இரண்டு கையிலும் ஏந்தித் திரும்பினேன். கை அப்படியே நின்றுவிட்டது. புடவையை விரிக்க முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டு முதுகெல்லாம் வியர்த்தது. நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்ட மாதிரி மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. அந்தப் பெண், "அண்ணே, என்ன ஆச்சு?" என்றாள்.

புடவையை நண்பன் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். படிக்கட்டில் இறங்கினேன். செருப்பு மாட்டவில்லை. தெருவில் கூட்டத்துக்குள் இடிபட்டு, மெட்ரோ வேலைக்கு அடைத்திருந்த தகரத் தடுப்பை ஒட்டியே நடந்து, பனகல் பார்க்கில் போய் உட்கார்ந்தேன். உள்ளங்கால் சுட்டது அப்போதுதான் தெரிந்தது. சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சரியாகிவிட்டது. ஆனால் கடைப் பக்கம் திரும்பிப் போக முடியவில்லை. வெறுங்காலோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் தெருமுனை டாக்டரிடம் போனேன். இசிஜி எடுத்தார். நன்றாக இருக்கிறது என்றார். "ரெஸ்ட் எடுங்க" என்றார். நன்றாக இருப்பவன் எதற்கு ரெஸ்ட் எடுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் வேலைக்குப் போகாத நாட்கள் தொடங்கின. தினமும் காலையில் குளித்து, கடைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவேன். லஸ் கார்னரில் பஸ் ஏறுவேன். ஆழ்வார்பேட்டை தாண்டும்போது சீட்டின் நுனிக்கு வந்துவிடுவேன். தேனாம்பேட்டை வருவதற்குள் கை சில்லிட்டுவிடும். இறங்கிவிடுவேன். சில நாள் சிக்னல் தாண்டி அடுத்த பஸ்ஸில் ஏறிக் கடைவரைக்கும் போய்விடுவேன். பல நாள் அப்படியே நடந்து திரும்பி, நாகேஸ்வர ராவ் பூங்காவில் செஸ் ஆடுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன் அடிக்கும். கடை நம்பர். எடுக்க மாட்டேன்.

என் மனைவி கண்டுபிடிக்க ரொம்ப நாளாகவில்லை. வீட்டில் படுத்திருந்தவளுக்கு மருந்து வாங்கப் பக்கத்து வீட்டு அம்மா லஸ் பக்கம் போனபோது பூங்கா பெஞ்சில் என்னைப் பார்த்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் நான் வந்ததும் என் மனைவி சண்டை போடவில்லை. தட்டில் சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கடைக்குப் போகலியா?"

"இல்ல."

"எத்தனை நாளா?"

நான் சாதத்தைப் பிசைந்தேன். அவள் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "நீ அழவே இல்லையே. அன்னிலேர்ந்து பார்க்கிறேன். எங்கண்ணன் அழுதான், எங்கப்பா அழுதாரு, நீ ஒரு தடவைகூட அழல. நான் ஒருத்திதான் இதுல இருக்கேனோன்னு இருந்துச்சு" என்றாள்.

அவளைத் தேற்ற வேண்டிய ஆள் நான், நானும் உடைந்தால் யார் பார்ப்பார்கள் என்றுதான் இருந்தேன். அது அவளுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிவைத்தேன்.

அந்த வாரமே வலது விலாப் பக்கம் எரிச்சல் தொடங்கியது. கொதிக்கிற எண்ணெய் பட்ட மாதிரி. சட்டை உரசினால்கூட உயிர் போகும். இரண்டு நாளில் முதுகிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஒரு பட்டையாகக் கொப்புளம் போட்டது. மகளுக்குத் துணையாக வந்திருந்த என் மாமியார் பார்த்ததும், "இது அக்கி. அக்கி எழுதணும். செம்மண் குழைச்சுப் பூசினா குளிர்ந்துடும்" என்றார். என் மனைவி, "அதெல்லாம் அப்புறம்மா" என்று சொல்லிவிட்டு, தன் உடம்பே தேறாத நிலையில் என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

தோல் பிரிவில் நீள வரிசை. உள்ளே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. வேகமாகப் பார்த்தார், வேகமாகப் பேசினார். அக்கிதான் என்றார். சின்ன வயதில் அம்மை போட்டிருக்கும், அந்தக் கிருமி உள்ளேயே இருந்து, உடம்பு ஓய்ந்துபோகிற நேரம் பார்த்துத் திரும்ப வரும் என்றார். மாத்திரை எழுதினார். எழுதிக்கொண்டே, எல்லோரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார். "கொப்புளம் காயற வரைக்கும் மூடி வைங்க. வேலைக்குப் போகாதீங்க. கர்ப்பமா இருக்கிறவங்க பக்கத்துல போயிடாதீங்க, குழந்தைக்கு ஆகாது. வீட்ல யாராவது மாசமா இருக்காங்களா?"

நான் கழற்றிய சட்டையை மடியில் வைத்து மடிக்க ஆரம்பித்தேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவிதான் சொன்னாள். "இல்ல டாக்டர். இருந்துச்சு. இப்ப இல்ல."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முதலில் அவளை, அப்புறம் என்னை. அந்த ஸ்டூலில் சட்டையில்லாமல் உட்கார்ந்தபடி நான் அழ ஆரம்பித்தேன். அது ஒரு கட்டுக்குள் நிற்கிற அழுகை இல்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். விலா அசைய அசைய அக்கி எரிந்தது. நிறுத்த முடியவில்லை. என் மனைவி என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அவசரமில்ல" என்றார். அத்தனை பேர் காத்திருக்கும்போது அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் மறக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மயானம், பச்சைப் புடவை, பனகல் பார்க், பாதியில் இறங்கிய பஸ். கேட்டுவிட்டு, "பக்கத்து கட்டடத்துல மனநலப் பிரிவு இருக்கு. சீட்டு எழுதித் தந்தேன்னா நீங்க வெளிய போய் அப்படியே வீட்டுக்குப் போயிடுவீங்க. வாங்க, நானே கூட வர்றேன்" என்றார். வந்தார். வராந்தா முழுக்க எங்களோடு நடந்து, அங்கே இருந்த டாக்டரிடம் இரண்டு வார்த்தை பேசி, என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

அந்த டாக்டர் நடுவயதுக்காரர். ரொம்பப் பேசமாட்டார். மூச்சு முட்டுவது எதனால் வருகிறது, வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தார். மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை வரச் சொன்னார். கிளம்பும்போது, "கடையில சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்ல சார். வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"எல்லார்கிட்டயும் சொல்ல வேண்டாம். ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. உங்களுக்குத் தோணுற ஒருத்தர்."

எனக்குத் தோன்றிய ஆள் எங்கள் மாடிக்குப் பொறுப்பான மேனேஜர். கடையில் அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாங்கள் எல்லோரும் அவரைக் கண்டால் நடுங்குவோம். மெத்தையில் யாராவது சாய்ந்து உட்கார்ந்தால் தூரத்திலிருந்து ஒரு கனைப்பு வரும், அவ்வளவுதான், நிமிர்ந்துவிடுவோம். அவரைத் தவிர வேறு யாரிடமும் லீவு கேட்க முடியாது என்பதால்தான் அவர் தோன்றினார். பாசத்தினால் இல்லை.

போன் செய்தேன். சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் நான் நிறுத்தியபோதெல்லாம் அவர் குறுக்கே பேசவில்லை. பின்னால் கடையின் இரைச்சல் கேட்டது. முடித்ததும், "செரி. நாளைக்குக் காலைல வாரேன்" என்று வைத்துவிட்டார். கணக்கு முடித்து அனுப்பத்தான் வருகிறார் என்று முடிவு செய்தேன். என் மனைவியிடமும் அப்படியே சொன்னேன். "போனா போகட்டும். வேற வேலை கிடைக்காதா" என்றாள். ஆனால் மறுநாள் காலையில் வீட்டை இரண்டு முறை பெருக்கினாள்.

கடை திறப்பதற்கு முன்னால் வந்துவிட்டார். எங்கள் மாடிப் போர்ஷனின் படிக்கட்டு குறுகலானது. மூச்சு வாங்க ஏறிவந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். கடைக்கு வெளியே அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கடையில் மலை மாதிரி இருப்பவர், எங்கள் அறையில் காலை எங்கே வைப்பது என்று தெரியாத ஆள் மாதிரி இருந்தார். என் மனைவியைப் பார்த்து, "ஒடம்பு தேவலையாம்மா?" என்றார். அவள் தலையாட்டினாள். காபி கொடுத்தாள். மேலே பார்த்து, "ஃபேன் சத்தம் போடுதே. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா நின்னுரும்" என்றார். தனக்கும் இப்படி ஏதாவது நடந்தது என்று சொல்வாரோ என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆறுதலாகவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அக்கி காயட்டும். காய்ஞ்ச பொறவு வா. பட்டுக்கு வர வேண்டாம். மேல ஸ்டாக் ரூம்ல விலைச்சீட்டு ஒட்டணும், மடிச்சு அடுக்கணும். அங்க கஸ்டமர் மொகத்த பாக்க வேண்டாம். வாரத்துல ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா போ. பஸ்ல வர முடியலன்னா எறங்கிரு. எறங்கிட்டு எனக்கு ஒரு போன் மட்டும் போடு. போன எடுக்காம இருக்காதடே. நாங்க என்னத்தன்னு நெனைக்கது?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அவர் குரல் கொஞ்சம் மாறியது. போன் எடுக்காத அந்த நாட்களில் அவர் எனக்காகப் பயந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான், "முதலாளி கேட்டா, அண்ணாச்சி?" என்றேன்.

"அத நான் பாத்துக்கிடுதேன். ஒனக்கு எதுக்கு அது?"

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது ரொம்ப நாள் கழித்து நண்பன் சொல்லித்தான் தெரிந்தது. தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு மெத்தை காலியாகக் கிடப்பதைப் பார்த்து முதலாளி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். அண்ணாச்சி, "நான்தான் ஸ்டாக்குக்கு மாத்தினேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வயதில், முட்டி வலியோடு, தானே மெத்தையில் ஏறி உட்கார்ந்து என் இடத்தில் புடவை காட்டியிருக்கிறார். ஆடி முடியும்வரை.

ஸ்டாக் ரூம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற தளம். ஜன்னல் இல்லை, டியூப்லைட் வெளிச்சம். பாலிதீன் வாசனை. நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து புடவை மடிப்பார்கள். அவர்களில் ஒருவர் பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிற அக்கா. அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மாமியார் லூப் ரோட்டில் மீன் விற்கிறவர். கழுத்தில் ஜெபமாலை. வாய் ஓயாது. முதல் நாள் நான் போய் உட்கார்ந்ததும், "வா நைனா. அண்ணாச்சி சொன்னாரு. ஒனக்கு இன்னா ஆச்சுன்னு நான் கேக்க மாட்டேன். நீயா சொன்னா கேட்டுக்கறேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் திறந்த கண்ணீர் அதற்குப் பிறகு நேரங்காலம் பார்க்காமல் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ஒரு இளஞ்சிவப்புப் புடவைக்குச் சீட்டு ஒட்டும்போது, ஒரு காரணமும் இல்லாமல் பொலபொலவென்று வந்துவிட்டது. அக்கா மடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

"அழுவணும்னா நல்லா அழு நைனா. யாரு வேணான்னா? சீலை மேல மட்டும் தண்ணி வுட்டுடாத. அப்பறம் அண்ணாச்சி வந்து நம்ம ரெண்டு பேரையும் அழ வைப்பாரு."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். மூக்கு ஒழுகிக்கொண்டே சிரித்தேன். அந்தக் குழந்தைக்குப் பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இதை மனைவியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அதற்காக எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையில் காலையில் எழுந்திருக்க முடியாது. அக்கி ஆறிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் சுருக்சுருக்கென்று குத்தும். தேனாம்பேட்டையில் இறங்கிவிட்ட நாட்களும் இருந்தன. ஆனால் இறங்கியதும் போன் போடுவேன். "அண்ணாச்சி, இன்னிக்கு முடியல." "செரி" என்று வைத்துவிடுவார். அந்த ஒரு "செரி"யைக் கேட்டுவிட்டால் நெஞ்சு இறங்கிவிடும். சில நாள் அதைக் கேட்டபிறகு, பரவாயில்லை போகலாம் என்று அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். நான் போகாத நாளில் என் பங்குக் கட்டுகளை அந்தப் பெண்கள் பிரித்துக்கொண்டு மடித்து முடித்திருப்பார்கள். மறுநாள் போனால் என் இடம் சுத்தமாக இருக்கும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நானாகக் கேட்டால், "உன் கட்டு எது, என் கட்டு எது, எல்லாம் முதலாளி கட்டு" என்பார் அக்கா.

மத்தியானச் சாப்பாடு மொட்டை மாடியில். பட்டு இருக்கிற இடத்தில் மீன் குழம்பு திறக்கக் கூடாது என்பது கடையின் சட்டம். அதனால் வெயிலோ தூறலோ, தண்ணீர்த் தொட்டியின் நிழலில்தான் உட்காருவோம். அக்கா தினமும் எனக்கென்று ஒரு துண்டு மீன் தனியாகக் கொண்டுவருவார். முள் எடுத்துச் சாப்பிடுகிற நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது. அதுவும் ஒரு வைத்தியம்தான்.

அந்த ஆண்டு பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்கு அக்கா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நாங்கள் அந்தக் கோயிலுக்கு அதுவரை போனதில்லை. "சாமி கும்புடலன்னா போவுது. என் ஊட்ல சாப்புட்டு, கூட நடந்து வாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடையில் லீவு கேட்டேன். அண்ணாச்சி காரணம் கேட்கவில்லை.

பட்டினப்பாக்கத்தில் அக்கா வீட்டில் இறால் தொக்கும் சாதமும் சாப்பிட்டோம். என் மனைவி அதற்கு முன் அக்காவைப் பார்த்ததில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு பேரும் சமையலறையில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். சாந்தோம் சாலை முழுக்கக் காவி உடுத்தி நடந்துபோகிற ஜனங்கள். அடையாறு பாலத்தில் காற்று அடித்தது. மனைவி கால் வலிக்கிறது என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிற இடத்தில் சரியான நெரிசல். அக்கா ஒரு மெழுகுவத்தியை என் மனைவி கையில் கொடுத்து, "கொயந்த பேரைச் சொல்லி ஏத்து தாயி. பேரைச் சொன்னாதான் மாதாவுக்கு அடையாளம் தெரியும்" என்றார்.

நான் பதறிவிட்டேன். எங்கள் குழந்தைக்குப் பெயர் கிடையாதே. இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனைவி ஒரு பெயரைச் சொன்னாள். யோசிக்காமல், நிறுத்தாமல், தினமும் கூப்பிட்டுப் பழகிய மாதிரி சொன்னாள். மெழுகுவத்தியை ஏற்றி வைத்தாள். அக்கா அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வெளியே கடற்கரையில் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். ஐந்தாம் மாதத்திலிருந்தே அந்தப் பெயரைச் சொல்லித்தான் வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தாளாம். பையனாக இருந்தால் வைக்க இன்னொரு பெயரும் வைத்திருந்தாளாம். ஆனால் பெண் என்றுதான் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்ததாம். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "பொறந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் உன்னைப் பார்த்தா சொல்ல முடியல" என்றாள். அந்தப் பெயரை நான் அங்கேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது முதலில் சரியாக வரவில்லை. அவள் திருத்தினாள். அதை இங்கே எழுதவில்லை. அது எங்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

தீபாவளிக் கூட்டம் முடிந்த பிறகும் ஸ்டாக் ரூமிலேயே இருந்தேன். தை மாதம் நானாகவே அண்ணாச்சியிடம் போய், கீழே வரட்டுமா என்று கேட்டேன். "அவசரப்படாத" என்றார். மறுநாளும் கேட்டேன். "செரி, காலைல மட்டும் வந்து பாரு" என்றார். காலையில் பட்டு, மத்தியானத்துக்கு மேல் ஸ்டாக் என்று கொஞ்ச காலம் ஓடியது. பிறகு முழு நாளும் பட்டு. மாத்திரையை டாக்டரே ஒருநாள் நிறுத்திவிட்டார்.

எங்களுக்கு இப்போது ஒரு பையன் இருக்கிறான். அவன் பிறக்கும்வரை அந்த மாதங்கள் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டுதான் இருந்தோம். என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு முறையும் நான் கூடப் போனேன். கடையில் உண்மையைச் சொல்லித்தான் போனேன்.

அண்ணாச்சி வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பியபோது கடையில் சால்வை போட்டார்கள், எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நான் சொல்ல நினைத்தது எதையும் சொல்ல முடியவில்லை. அதனால் அவர் ஊருக்குப் போகிற அன்று லீவு போட்டுவிட்டு, எலுமிச்சம்பழ சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு, மூன்று பேருமாக எழும்பூருக்குப் போனோம். அவர் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதே பழைய கனைப்பு.

"என்னடே, கடைக்குப் போவலியா?"

"லீவு போட்டுட்டேன், அண்ணாச்சி."

"எதுக்கு?"

"உங்களை வழியனுப்பத்தான்."

"இதுக்கெல்லாமாடே லீவு போடுவாங்க?" என்று என் மனைவியைப் பார்த்தார். "நீயாவது சொல்லக் கூடாதாம்மா?"

அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்து, "நான்தான் போடச் சொன்னேன்" என்றாள். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நூலை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார். நன்றி என்கிற வார்த்தை எங்கள் மூன்று பேர் வாயிலும் வரவில்லை. நான் பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தேன். பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்தான். வண்டி நகர்ந்தபோது அண்ணாச்சி அவன் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக எடுத்துவிட்டு, உள்ளங்கையைத் தட்டிக்கொடுத்தார்.